உப்புக் காற்றும் ஹார்டுடிஸ்க்கும்: ஸ்கேன் செய்து முடித்த பிறகு என்ன நடக்கிறது?

பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் ஒரு தொகுதி வெளியிட்டது. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி முன்னின்று செய்த வேலை. கடற்பஞ்சு, நண்டு, நட்சத்திரமீன் என்று இனத்துக்கொரு கட்டுரை. அதன் பிரதி இன்று கையில் கிடைத்தாலும் பிரித்துப் படித்துவிடலாம். தாள் பழுத்திருக்கும், ஓரம் பொடிந்திருக்கும், அவ்வளவுதான். அதே தீவைச் சுற்றி 2003 வாக்கில் நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்த ஒரு முனைவர் பட்ட மாணவர், அளவீடுகளைச் சிடியில் எழுதி ஆய்வேட்டோடு கொடுத்திருந்தால், அது இன்று திறக்கும் என்று எந்த நூலகரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்.

காகிதம் நம் அலட்சியத்தைத் தாங்கும். பீரோவில் பூட்டி முப்பது வருஷம் மறந்துவிடலாம். கரையான் புகாவிட்டால் பாதிக்கு மேல் தேறும். டிஜிட்டல் கோப்புக்கு அந்தக் குணம் கிடையாது. ஐந்து வருஷம் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டால் போதும், சத்தமில்லாமல் போய்விடும். ‘டிஜிட்டல் ஆக்கிவிட்டோம், இனி அழியாது’ என்று விழா மேடைகளில் சொல்லப்படும்போது எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். ஸ்கேன் செய்த அன்று வேலை முடிவதில்லை, தொடங்குகிறது.

இராமநாதபுரம் கடற்கரையில் இந்தப் பேச்சுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டு இருந்தது இந்தக் கரையில், மண்டபம் என்ற ஊரில்தான். 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் அதன் மையம் இன்றும் இருக்கிறது. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் 1958-இல் உருவானதும் மண்டபம் முகாமில். 1985-இல் நிறுவப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் பக்கத்து மாவட்டத்தில், காரைக்குடியில். அதன் கடலியல் துறையோ தொண்டியில், பாக் நீரிணையைப் பார்த்தபடி. இவற்றோடு கீழக்கரை வீடுகளில் இருக்கும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள், சேதுபதிகள் காலத்துச் செப்பேடுகளின் படங்கள், மீனவர்களிடம் ஒலிப்பதிவு செய்த பேட்டிகள். ஒரு பல்கலைக்கழக நூலகம் தேடித் திரட்டினால் இந்தக் கரையிலிருந்து பெரிய டிஜிட்டல் தொகுப்பே சேரும்.

அதில் பெரும்பகுதி மறுபடி எடுக்க முடியாதது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அவற்றின் கரை எப்படி இருந்தது என்பது இனிப் பழைய படங்களிலும் வரைபடங்களிலும் மட்டுமே. 2010-இலும் 2016-இலும் பவளப்பாறைகள் வெளிறின. வெளிறுவதற்கு முந்தைய ஆண்டில் எடுத்த நீரடிப் படத்தை இன்று முங்கி எடுக்க முடியாது. புத்தகம் தொலைந்தால் வேறு நூலகத்தில் கேட்கலாம். 2009 மே மாதம் பாக் விரிகுடாவில் அளந்த வெப்பநிலை தொலைந்தால் யாரிடம் கேட்பது?

இந்தக் கரைக்கு அழிவு புதிதல்ல. 1964 டிசம்பர் 22 இரவு வரை தனுஷ்கோடியில் ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்தன. பதிவேடுகளும் இருந்திருக்கும். ஓர் இரவில் ஊரே போயிற்று.

புயலுக்குப் போகாமல் மெதுவாகப் போவதையும் பார்க்கலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கும் அலமாரியில் 2000-க்கும் 2012-க்கும் இடைப்பட்ட ஒன்றை எடுங்கள். பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். அதற்குள் சிடி, அதன் மேல் மார்க்கர் பேனாவில் பெயர், பதிவு எண். சிலர் அழகுக்காகக் காகித லேபிள் ஒட்டியிருப்பார்கள். கடலோர ஈரத்தில் அந்த லேபிள் உப்பி ஓரம் தூக்கிக்கொள்ளும். உரித்து எடுக்கலாம் என்று கை வைத்தால் போச்சு. நாம் எழுதும் சிடியில் சாயப் படலமும் அதன் மேல் ஒளியைத் திருப்பும் உலோகப் படலமும் லேபிள் பக்கத்துக்கு மிக அருகில்தான் இருக்கின்றன. மேலே ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவே. லேபிளோடு தகவலும் உரிந்து வந்துவிடும். உரிக்காமல் விட்டாலும் உலோகப் படலம் ஓரத்திலிருந்து அரிக்கத் தொடங்கும். ஆய்வேட்டின் உரை அச்சில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இணைப்பாக இருந்த எக்செல் அட்டவணைகளும் ஆயிரக்கணக்கான படங்களும் அந்தச் சிடியில் மட்டும்தான்.

உப்பு செய்யும் வேலையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கடற்காற்றில் நுண்ணிய உப்புத் துகள் எப்போதும் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தத் துகள் ஈரத்தை இழுத்துக் கரைந்து, மின்சாரம் கடத்தும் ஒரு நீர்ப்படலமாகிவிடும். சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்களிலும் கனெக்டர் முனைகளிலும் அது படிந்தால் அரிப்புதான். இந்தக் கரையில் 75-ஐத் தாண்டும் இரவுகளுக்குப் பஞ்சமில்லை. சர்வர் அறைக்கு ஏ.சி. போட்டிருக்கிறோம் என்பார்கள். ஐந்தரை மணிக்கு அலுவலகம் பூட்டும்போது அதை அணைத்துவிட்டால் போட்டதைவிட மோசம். பகலில் குளிர்ந்த கருவியின் மேல், இரவில் கசிந்து வரும் ஈரக்காற்று வியர்த்து நிற்கும். ஏ.சி. 24 மணி நேரமும் ஓடவேண்டும்; இல்லையென்றால் கருவியைக் கரையை விட்டு உள்ளே கொண்டுபோய் வைக்கவேண்டும். இதில் நடுவழி கிடையாது.

வெறும் ஹார்டுடிஸ்க்கையே எடுத்துக்கொண்டாலும், நாள்தோறும் சுழல்வதை நாலைந்து வருஷத்துக்கு மேல் நம்பக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. காந்த நாடா இன்னும் உழைக்கும். எல்டிஓ என்ற வகைக் காந்த நாடாவுக்கு முறையான அறையில் 30 ஆண்டு ஆயுள் சொல்கிறார்கள். ஆனால் நாடா பிழைத்தால் போதாது, அதைப் படிக்கும் கருவியும் இருக்கவேண்டும். எல்டிஓ எட்டாம் தலைமுறைக் கருவியால் ஆறாம் தலைமுறை நாடாவைப் படிக்க முடியாது. ஆகவே எதில் வைத்தாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

சரி, எத்தனை பிரதி, எங்கெங்கே?

அமெரிக்காவின் தேசிய டிஜிட்டல் காப்புக் கூட்டமைப்பு 2013-இல் வெளியிட்ட நான்கு படி அளவுகோல் ஒன்று உண்டு. முதல் படியில் இரண்டு பிரதிகள். இரண்டாம் படியில் மூன்று, அதில் ஒன்று வேறு ஊரில். மூன்றாம் படிதான் நம் கரைக்கு முக்கியம்: ஒரு பிரதியாவது வேறு வகையான பேரிடர் அபாயம் உள்ள இடத்தில் இருக்கவேண்டும். வெறுமனே வேறு ஊர் என்றால் போதாது. தொண்டியில் ஒரு பிரதி, காரைக்குடியில் ஒரு பிரதி என்று வைத்தால் தாளில் பார்க்க இரண்டு ஊர், இரண்டு மாவட்டம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா, கடற்கரையோடு நின்றுவிடவில்லை. புதுக்கோட்டை உள்நாட்டு ஊர்கள் வரை மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஒரே புயல் தொடக்கூடிய இரண்டு ஊர்கள், பேரிடர்க் கணக்கில் ஒரே ஊர்தான். மூன்றாவது பிரதி கோயம்புத்தூர்ப் பக்கமோ சேலம் பக்கமோ போகவேண்டும். வங்கக்கடல் புயலின் கை அங்கே அவ்வளவாக நீளாது.

பெரிய இடங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2025 செப்டம்பர் 26-இல் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் அமைப்பின் 858 டெராபைட் எரிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியே வேறு பிரதி வைக்கவில்லையாம். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தீயும் இல்லை, திருட்டும் இல்லை. பேக்கப் நிரலில் நேர்ந்த ஒரு பிழை சூப்பர் கம்ப்யூட்டர் சேமிப்பகத்திலிருந்து 77 டெராபைட் ஆய்வுக் கோப்புகளை அழித்தது. காப்பாற்ற வைத்த ஆளே கழுத்தை அறுத்த கதை. தானாக இணைந்து ஓடும் பிரதியை நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும்படி அமைத்த ‘சிங்க்’ பேக்கப் ஆகாது.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போனது சுமார் 97,000 நூல்கள். வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடித்தேடி மின்வடிவாக்கி வருவதற்குப் பின்னால் அந்த இழப்பு இருக்கிறது.

பிரதிகள் இருந்தால் மட்டும் போதுமா என்றால், இல்லை. மூன்று பிரதியும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று அவ்வப்போது பார்க்கவேண்டும். நூலகத்தில் வருஷாவருஷம் சேர்ப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாக இருப்புச் சரிபார்ப்பது போன்ற வேலைதான். கோப்பு வந்து சேரும் அன்றே அதற்கு ஒரு செக்சம் எண் கணக்கிட்டு எழுதி வைப்பார்கள். எஸ்ஹெச்ஏ-256 முறையில் அது 64 எழுத்து நீளம். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் இந்த 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆறு மாதம் கழித்து மறுபடி கணக்கிட்டு ஒத்துப் பார்த்தால் எந்தக் கோப்பு கெட்டது என்று தெரியும். கெட்டதை நல்ல பிரதியிலிருந்து மீட்டு எழுதலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1999-இல் தொடங்கிய லாக்ஸ் என்ற திட்டம் இதைத்தான் நூலகங்களுக்கு இடையே தானாக நடக்கும்படி செய்தது. மென்பொருள்கள் இலவசம். கணினி இரவில் தானே செய்துகொள்ளும். மறுநாள் காலை அந்த அறிக்கையைப் பார்க்க ஓர் ஆள் இருக்கவேண்டும். நம் நூலகங்களில் எப்போதும் இல்லாமல் போவது அந்த ஆள்தான்.

இனித் தமிழுக்கே உரிய தலைவலி. கோப்பு பத்திரமாக இருக்கிறது, செக்சமும் ஒத்துப்போகிறது. திறந்தால் படிக்க முடியவில்லை. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் 2010 வரையிலும், அதற்குப் பிறகும், தமிழ் ஆய்வேடுகளை பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சுச் செய்தோம். பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக. பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் முந்நூறு பக்கமும் அரைப்புள்ளிக் காடு. எழுத்துருவை உள்ளே பொதித்துப் பிடிஎஃப் ஆக்கியிருந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், தேடுபொறிக்குத் தெரியாது. ‘வலை’ என்று தேடினால், முழுக்க மீன்பிடி வலைகளைப் பற்றிய ஆய்வேடாக இருந்தாலும் ஒன்றும் சிக்காது.

இதற்கு மருந்து இருக்கிறது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நிறைய உண்டு. மூலக் கோப்பை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு, மாற்றிய யூனிகோடு வடிவத்தைக் கூடவே வைக்கவேண்டும். மாற்றும்போது பிழை நேர்ந்திருந்தால் திரும்பிப் போக மூலம் வேண்டுமல்லவா? நெடுங்காலத்துக்கு வைக்கும் பிடிஎஃப்-க்கென்றே 2005-இல் ஐஎஸ்ஓ ஒரு தரம் வகுத்தது. பயன்படுத்திய எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. இனி வாங்கும் ஆய்வேடுகளுக்கு இந்த வடிவத்தைக் கட்டாயமாக்க ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆய்வேட்டின் உரையைப் பொறுத்தவரை நிலைமை முன்பைவிடத் தேவலை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்பிரதி காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்ளிப்நெட்டின் சோத்கங்கா தளத்துக்குப் போகிறது. அது குஜராத், புயல் கணக்கில் நமக்கு நல்ல தூரம். ஆனால் அங்கே போவது அத்தியாய வாரியான பிடிஎஃப். அளவீடுகளின் மூல அட்டவணை, படங்கள், ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளரின் மடிக்கணினியிலோ நெறியாளர் மேசையிலிருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்டுடிஸ்க்கிலோதான். நூலகம் தன் பணத்தையும் ஆளையும் முதலில் எங்கே போடவேண்டும் என்று என்னைக் கேட்டால், வேறெங்கும் இல்லாத இவற்றில்தான் போடவேண்டும் என்பேன். ஏற்கெனவே நாலு இடத்தில் கிடைக்கும் பழைய நூல்களை மறுபடி ஸ்கேன் செய்து எண்ணிக்கை காட்டுவது எளிது. அதனால் அதுதான் நடக்கிறது.

மூல அட்டவணை கைக்கு வந்தாலும் ஒரு சிக்கல் காத்திருக்கும். திறந்தால் முதல் வரிசையில் ‘நிலையம் 1, நிலையம் 2, நிலையம் 3’ என்று தலைப்பு, கீழே எண்கள். நிலையம் 1 என்பது தேவிபட்டினமா, தொண்டியா? வெப்பம் எடுத்தது மேல்நீரிலா, ஐந்து மீட்டர் ஆழத்திலா? காலை ஆறு மணிக்கா, மதியத்திலா? எழுதியவருக்குத் தெரியும், அவர் இப்போது வெளிநாட்டில். இந்த விவரம் இல்லாத அட்டவணையை எத்தனை பிரதி எடுத்து எத்தனை ஊரில் வைத்தாலும் அது வெறும் எண்களின் பட்டியல்தான். ஓஏஐஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஐஎஸ்ஓ 14721 தரம், டிஜிட்டல் காப்பகம் எப்படி இயங்கவேண்டும் என்பதற்கான பொது வரைவு. கோப்போடு சேர்ந்து அதைப் புரிந்துகொள்ளத் தேவையான விளக்கமும் காப்பகத்துக்குள் வரவேண்டும் என்பதில் அது கறாராக இருக்கிறது. நடைமுறையில் அதற்கு ஒரு பக்கக் குறிப்பு போதும்: எங்கே, எப்போது, எந்தக் கருவியால், எந்த அலகில், யார். வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் கைக்குப் போகும் முன் இதை வாங்கிவிடவேண்டும். பிறகு யாரையும் பிடிக்க முடியாது.

செலவுக்கு வருவோம். ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐ-யில் வண்ணத்தில் சுருக்காமல் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 25 மெகாபைட். 200 பக்க ஆய்வேடு 5 ஜிபி. ஆயிரம் ஆய்வேடு 5 டெராபைட், மூன்று பிரதி 15 டெராபைட். இன்றைய நிலையில் இது ஒன்றும் பெரிய சேமிப்பு இல்லை. எந்தப் பல்கலைக்கழகமும் வாங்கிவிடும். ஸ்கேனர் வாங்கத் திட்ட நிதி கிடைக்கும், திறப்பு விழாவுக்கும் கிடைக்கும். ஐந்தாம் வருஷம் டிஸ்க் மாற்றவும் மாதாமாதம் சரிபார்க்கும் ஆளுக்குச் சம்பளம் தரவும் திட்டத்தில் தலைப்பே இருக்காது. திட்டம் முடிந்ததும் ஒப்பந்தப் பணியாளர் போய்விடுவார். கடவுச்சொல்லும் அவரோடு போகும். அந்தக் கணினி ஏழெட்டு வருஷத்தில் கழிவுப் பட்டியலில் ஏறும். அப்போது குழு பார்ப்பது பெட்டியின் இருப்பு எண்ணைத்தான்; உள்ளிருக்கும் டிஸ்க்கில் என்ன இருந்தது என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.

கிளவுடில் போட்டுவிடலாம் என்பார்கள். போடலாம், அதுவும் ஒரு நல்ல பிரதிதான். ஆனால் அது நிற்காத மாத வாடகை. அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தப்புள்ளி, நிதிக்குழு, தணிக்கை எல்லாம் தாண்டி அந்தப் பில் தவறாமல் கட்டப்படவேண்டும். கட்டாவிட்டால் கொஞ்ச நாள் எச்சரித்துவிட்டுக் கணக்கை மூடிவிடுவார்கள். மொத்தத் தரவையும் திரும்ப இறக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் உண்டு. கையெழுத்திடும் முன் இந்த வரியைத் தேடிப் படிக்கவேண்டும்.

எனக்குத் தோன்றும் மலிவான வழி, தமிழகப் பல்கலைக்கழக நூலகங்கள் தங்களுக்குள் பிரதி மாற்றிக்கொள்வது. காரைக்குடியின் தொகுப்பு கோயம்புத்தூரில் ஒரு டிஸ்க் அடுக்கில், கோயம்புத்தூரின் தொகுப்பு திருநெல்வேலியில், திருநெல்வேலியுடையது காரைக்குடியில். யாரும் யாருக்கும் பணம் தரவேண்டியதில்லை, புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று போதும். துணைவேந்தர்கள் கையெழுத்திட்டுப் படம் பிடித்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் வாய்ப்புண்டு.

அப்படி வைத்த பிரதியை ஒருமுறையாவது மீட்டுப் பார்க்கவேண்டும். 2023 அக்டோபரில் ரைசிடா என்ற ஹேக்கர் கும்பல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை முடக்கியபோது, டிஜிட்டல் தொகுப்புகளின் பாதுகாப்பான பிரதிகள் அந்த நூலகத்திடம் இருந்தன. அவற்றைத் திரும்ப ஏற்றத் தகுந்த சர்வரும் மென்பொருளும்தான் இல்லை. மாதக்கணக்கில் சேவைகள் நின்றன. நம் நூலகத்தில் இதற்கான ஒத்திகை இரண்டு நாள் வேலை. வெளியூர்ப் பிரதியிலிருந்து நூறு கோப்பை எடுத்து, தொகுப்பே இல்லாத ஒரு கணினியில் ஏற்றி, செக்சம் ஒத்துப் பார்த்து, பத்தையாவது திறந்து படிக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில் செய்வது நல்லது. ஏதாவது கோளாறு தெரிந்தால் புயல் மாதங்களுக்குள் சரிசெய்ய நாள் இருக்கும்.